கூப்பிடாத பேர்கள்

வெள்ளைப்பாறை எஸ்டேட்,
பண்ணைக்காடு வழி,
8-12-1968

அன்புத் தம்பி குமாரவேலுக்கு அக்காள் முருகம்மாள் எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சானும் தமயந்தியும் கைப்பிள்ளையும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உன் சுகமும் ஊற்றுமலைத் தோட்டத்தில் நம் லயத்து ஆட்கள் சுகமும் அறிய எழுதவும்.

தலைமன்னாரில் நீ கையசைத்துக்கொண்டு நின்றாயே, அதற்குப் பிறகு கப்பலில் தமயந்தி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். அதைத் தவிரக் கஷ்டம் இல்லை. மண்டபம் முகாமில் ஐந்து வாரம் இருந்தோம். கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வேலை என்று குடும்ப அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். முறை வரும்போது கடிதம் வருமாம். அது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் முகாம் வாசலுக்கு ஓர் ஆள் வந்து, பழனி மலையில் காப்பித் தோட்டம் இருக்கிறது, இன்றைக்கே வேலை, வீடும் உண்டு என்றார். உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு நம் ஆட்களில் ஐந்து குடும்பம் லாரி ஏறிவிட்டோம்.

மலை நம் மலை மாதிரியே இருக்கிறது. குளிர் கொஞ்சம் குறைவு. கணக்கப்பிள்ளை சேனாதிபதி ஐயா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். குடும்ப அட்டையை ஆபீஸில் கேட்டார்கள். அங்கே நம் பிறப்புச் சர்டிபிகேட் எல்லாம் தோட்டத்து ஆபீஸில்தானே இருக்கும், அதுபோலத்தான் என்று உன் மச்சான் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டார். இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தபாலும் ஆபீஸ் பையில்தான் போகிறது.

வேலையைப் பற்றி எழுதச் சொன்னாய். காப்பிப் பழம் சிவப்பாகப் பார்க்க அழகாக இருக்கிறது. நீ எப்போது இந்தியாவுக்குக் கையெழுத்துப் போடுகிறாய்? எங்களை முதலில் போகச் சொல்லிப் பின்னால் வருகிறேன் என்றாய். எழுது.

அக்காள்
முருகம்மாள்


ஊற்றுமலைத் தோட்டம்,
மேற்பிரிவு, அப்புத்தளை,
4-1-1969

பாசமுள்ள அக்காளுக்கும் மச்சானுக்கும் குமாரவேல் வணக்கம். இங்கே எல்லாரும் நல்ல சுகம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆள் கூடியதும் கங்காணி பேர் கூப்பிடுவதற்கு முன்னால், நான் கல் மேல் ஏறி நின்று அதை உரக்கப் படித்தேன். இறங்கியவுடன் வேலை, இறங்கியவுடன் வீடு, நம் மலை மாதிரியே மலை என்று நீ எழுதியதைக் கேட்டுப் பொம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தியாவா இலங்கையா என்று எழுதிக் கொடுக்கும் கெடு அடுத்த வருஷம் ஏப்ரலோடு முடிகிறது. அதுவரை ஆளுக்கு ஒரு பேச்சாக இருந்தவர்கள், அன்று சாயந்தரமே என் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். பத்தொன்பது குடும்பம். இந்தியா என்று நிரப்பிக் கைநாட்டு வாங்கி, படிவங்களை என் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மொத்தமாகச் சேர்த்துக் கண்டியில் இந்திய ஆபீஸுக்குக் கொண்டுபோக உத்தேசம்.

அக்கா, உன் கடிதத்தில் அழகு இருக்கிறது, விவரம் இல்லை. நான் தோட்டத்துச் சங்கத் தலைவன். ஆட்கள் கேட்கும்போது காப்பிப் பழம் சிவப்பு என்று பதில் சொல்ல முடியாது. பொம்பிளைக்குத் தனிப் பேர், தனிச் சம்பளம் உண்டா? காய்ச்சல் வந்தால் மருந்து யார் தருவது? பிள்ளைக் காம்பராவில் ஆயா உண்டா? பிள்ளைப் பேற்றுக்கு எத்தனை வாரம்? தமயந்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தீர்களா? தொழிற்சங்கம் எது? ஒவ்வொன்றாக எழுது.

தம்பி
குமாரவேல்


சேக் பரீது ஜவுளிக்கடை,
பண்ணைக்காடு,
2-2-1969

தம்பி குமாரவேலுக்கு. சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

யாரைக் கேட்டு என் கடிதத்தைப் பெரட்டுக் களத்தில் படித்தாய்? அது உனக்கு எழுதியது. உனக்குக்கூட முழுதாக எழுதியது இல்லை. கணக்கப்பிள்ளை எங்கள் தபாலை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறார். வந்த முதல் வாரமே எங்களுக்கு அது தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட பையில் போடும் கடிதத்தில் நான் வேறு என்ன எழுதியிருப்பேன்? இப்போது எழுதுவது சந்தைக்கு வந்த இடத்தில், சேக் பரீது பாய் கடையில் துணி மடிக்கும் பலகையில் வைத்து. அவர் மகள் ஜஹனாரா காகிதம் கொடுத்தாள். இனிமேல் உன் கடிதம் இந்தக் கடை விலாசத்துக்குத்தான் வர வேண்டும். எஸ்டேட்டுக்கு ஒரு வரியும் எழுதாதே.

ஒவ்வொன்றாகக் கேட்டாய். தெரிந்துகொள். இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு பேர். காலையில் கணக்கப்பிள்ளை "பொன்னுச்சாமி" என்று உன் மச்சானைக் கூப்பிடுவார். அந்தப் பேருக்குப் பின்னால் நானும் நடக்க வேண்டும், பதினொரு வயதுத் தமயந்தியும் நடக்க வேண்டும். மூன்று பேரும் இருட்டும்வரை பழம் பறிப்போம். புஸ்தகத்தில் ஒரு பேர். மார்கழியில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அன்றைக்கு உன் மச்சானுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலி கொடுத்தார்கள். வேலை செய்கிறபோது நான் புஸ்தகத்தில் இல்லை, படுத்தால் மட்டும் இருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் காய்ச்சலே விட்டுப்போனது.

மருந்து என்றால் பண்ணைக்காட்டுக்கு நடந்து வந்து நாமே வாங்கிக்கொள்வது. பிள்ளைக் காம்பரா என்று கேட்டேன். கணக்கப்பிள்ளைக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. கைப்பிள்ளையைப் பலாமரத்தில் தூளி கட்டிப் போட்டிருக்கிறேன். கொசுக்கடியில் அவன் முகம் தடித்துக் கிடக்கிறது. தமயந்திக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சங்கம் எது என்று கேட்டாயே, அந்தச் சொல்லை இங்கே உரக்கச் சொன்னவர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

வேறு இடம் பார்க்கலாம் என்று உன் மச்சானை அட்டையைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். போய்க் கேட்டார். "பழம் எடுத்து முடியட்டும், அப்புறம் பாப்போம். அதுவரைக்கும் அது இங்கனயே கெடக்கட்டும். அதுக்கென்ன சோறா போடணும்?" என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். உன் மச்சான் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அவர் சிரித்ததுதான் எனக்கு அதைவிடக் கோபம். அட்டை இல்லாவிட்டால் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த ஆட்கள் என்பதற்கே சாட்சி இல்லை. கூடலூர் வேலையும் இல்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த அட்டை கைக்கு வர வேண்டும்.

அந்தப் பத்தொன்பது குடும்பத்திடமும் இதைச் சொல். நீ கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டிருந்தேன், பதில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
முருகம்மாள்


ஊற்றுமலைத் தோட்டம்,
10-3-1969

அக்காளுக்கு வணக்கம். சுகம். உங்கள் சுகம் நாடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அக்கிரமம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் தலைவன் ஆகவில்லை. சங்கத்துக் கடிதத் தாளில் உங்கள் முதலாளிக்கு நேராக எழுதிவிட்டேன். அவர் கொடைக்கானலில் பங்களாவில் இருப்பதாக மச்சான் எப்போதோ எழுதியிருந்தார், அந்த விலாசம் முழுதாகத் தெரியாததால் எஸ்டேட் ஆபீஸுக்கே அனுப்பினேன். பேர் போடாதது, அட்டையைப் பிடித்து வைத்திருப்பது, தபாலைப் பிரிப்பது எல்லாம் நம்பர் போட்டு எழுதி, "முருகம்மாள் என்ற தொழிலாளியின் முறைப்பாட்டின்படி" என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கிறேன். பதினான்கு நாளில் பதில் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இங்கே நம் துரை ஏழாம் நாளே பதில் எழுதிவிடுவார், உனக்குத் தெரியும். நீ தைரியமாக இரு.

ஆட்களிடம் இன்னும் சொல்லவில்லை. முதலாளியின் பதில் வந்தபிறகு இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று இருக்கிறேன்.

குமாரவேல்


பண்ணைக்காடு,
18-5-1969

குமாரவேலுக்கு.

பதினான்கு நாள் ஆகவில்லை. உன் கடிதம் ஆபீஸுக்கு வந்த மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. உனக்கு வரவில்லை, எனக்கு வந்தது.

எஸ்டேட்டுக்கு எழுதாதே என்று எழுதியிருந்தேன். உனக்குக் கண் தெரிகிறதுதானே? காலையில் ஆள் கூடியதும் கணக்கப்பிள்ளை உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏலே, சிலோன்ல இருந்து தலைவரு கடுதாசி போட்ருக்காரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். ஒவ்வொரு நம்பராகப் படித்தார். என் பேர் வந்த இடத்தில் நிறுத்தி, "யாரு இந்த முருகம்மா? நம்ம புஸ்தகத்துல அப்படி ஒரு ஆளே இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளூர் ஆட்களும் சிரித்தார்கள், நம் ஆட்களும் பயத்தில் சிரித்தார்கள். இந்த எஸ்டேட்டில் என் பேரை உரக்கச் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். அதுவும் உன் புண்ணியம்.

அன்று மத்தியானமே வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பழம் அரைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்கு அடுக்கும் கொட்டகை இருக்கிறது. அதில்தான் இரண்டு மாதமாக இருக்கிறோம். அழுகின பழத்தோல் நாற்றம் சோற்றில், துணியில், தலைமயிரில் எல்லாம் ஏறிவிட்டது. தமயந்திக்கு இருமல் நிற்கவில்லை. என்னைச் சந்தைக்கு விடாமல் வைத்திருந்தார்கள், அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

அங்கே துரை பதில் எழுதுவது உன் எழுத்தைப் பார்த்துப் பயந்து இல்லை. உன் பின்னால் முன்னூறு ஆள் நிற்கிறது, அதற்காக. இங்கே உன் பின்னால் யார் நின்றார்கள்? நான் நின்றேன். அடி எனக்கு விழுந்தது. இந்த அறிவு எனக்கு இருக்கிறது, கல் மேல் ஏறிப் பேசுகிற உனக்கு இல்லை.

கையெழுத்து விஷயம் இந்தக் கடிதத்திலும் கேட்கிறேன்.

முருகம்மாள்


ஊற்றுமலைத் தோட்டம்,
20-6-1969

அக்காளுக்கு. இங்கே சுகம்.

நல்லது செய்யப் போய்க் கெட்ட பேர் வாங்குவது எனக்குப் புதிது இல்லை. ஒரு தோட்டம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கும் என்று நினைத்தேன். அந்த நாட்டில் முறையே இல்லை என்றால் அது என் குற்றமா?

அது இருக்கட்டும். உங்களோடு ஒரே கப்பலில் போன மணியன் கூடலூரில் இருந்து எழுதியிருக்கிறான். அரசாங்கத் தோட்டத்தில் வேலை ஆரம்பித்துவிட்டதாம். பொம்பிளைப் பேரைத் தனியாகக் கூப்பிடுகிறார்களாம். உங்கள் ஐந்து குடும்பத்துக்கும் மார்ச் மாதமே, நீங்கள் முகாமில் கொடுத்துவிட்டு வந்த எஸ்டேட் விலாசத்துக்கு ரெஜிஸ்டர் தபாலில் உத்தரவு போய்விட்டது, டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் குடும்ப அட்டையோடு வந்து சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், பொன்னுச்சாமி அண்ணன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறான். நானும் அதையே கேட்கிறேன். இவ்வளவு கஷ்டம் என்று எழுதுகிற நீ, வந்த உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? கிளம்ப மனசு இல்லையா, மச்சானுக்குச் சோம்பலா?

குமாரவேல்


பண்ணைக்காடு,
3-8-1969

குமாரவேலுக்கு.

என் மடியில் உத்தரவு இருக்கிறதா என்று கேட்டாய். உன் கடிதத்தைப் படித்துத்தான் அப்படி ஓர் உத்தரவு உண்டு என்றே எனக்குத் தெரியும். கூடலூர் இங்கிருந்து ஒரு நாள் பயணம். அந்தச் செய்தி கடல் தாண்டி உன்னிடம் போய், மறுபடி கடல் தாண்டி எனக்கு வருகிறது.

சேக் பரீது பாய் தபால்காரரை விசாரித்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்து ரெஜிஸ்டர் தபால் எஸ்டேட்டுக்கு வந்திருக்கிறது. ஐந்துக்கும் கணக்கப்பிள்ளைதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். அட்டைகள் கிடக்கிற அதே இரும்புப் பெட்டியில் அதுவும் கிடக்கிறது. நான் போய்க் கேட்டேன். தபாலே வரவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பார்த்துச் சொன்னதுதான் எனக்கு அடங்கவில்லை. தாலுகா ஆபீஸுக்குப் போகலாமா என்று பாயைக் கேட்டேன். போனால் முதலில் உன் அட்டையைக் காட்டு என்பார்கள் அம்மா, என்றார்.

உன் மச்சான் இராத்திரியோடு இராத்திரியாகக் கிளம்பிவிடலாம் என்கிறார். அட்டை இல்லாமல் கூடலூரில் போய் யார் என்று சொல்வது? நான் அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. இந்த மலையில் காப்பி கார்த்திகையில்தான் சிவக்கும். சிவந்த பழத்தை அன்றன்றைக்கு எடுக்காவிட்டால் மழையில் உதிர்ந்து மண்ணாகிவிடும். இப்போது மரத்தில் எல்லாம் பச்சைக் காய். இப்போது நான் மூச்சுக் காட்டினால் எங்களைத் துரத்திவிட்டு வேறு ஆள் பிடித்துக்கொள்வார்கள். அதனால் வெள்ளனே எழுந்து, சொன்ன சோலியைச் செய்து, வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். பழம் சிவக்கட்டும்.

நாலாவது தடவையாகக் கேட்கிறேன். இந்தியாவா, இலங்கையா? நீ எதற்குக் கையெழுத்துப் போட்டாய்? சுகம் விசாரிக்காமல் ஒரே வரியில் எழுது.

முருகம்மாள்


ஊற்றுமலைத் தோட்டம்,
14-9-1969

அக்கா,

இலங்கைக்கு.

போன வருஷம் ஜூன் மாதம் போட்டேன். உங்கள் படிவத்தை நிரப்பிய அதே வாரம். சங்கத்தில் பதுளை ஆபீஸுக்கு ஓர் ஆள் வேண்டும், இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் வெளியே ஒரு நாற்காலி கிடைக்கும் என்று ஆசை வந்தது. எல்லாரும் போக வேண்டும் என்று பேசிவிட்டு, நான் மட்டும் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? தலைமன்னாரில் சொல்லலாம் என்றுதான் வந்தேன். தமயந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமா அடுத்த கப்பலா என்று கேட்டாள். சொல்ல வாய் வரவில்லை.

குமாரவேல்


பண்ணைக்காடு,
5-12-1969

குமாரவேலுக்கு முருகம்மாள் எழுதுவது. நாங்கள் நான்கு பேரும் சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம்.

உன் கடிதம் கிடைத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடனே எழுதியிருந்தால் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் பேசக்கூடாத பேச்செல்லாம் வந்திருக்கும். இப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. நீ இருந்துகொண்டதில் எனக்குக் கோபம் இல்லை. பிறந்த மண், இருந்துகொள். அதைச் சொல்லாமல் எங்கள் கையெழுத்தை வாங்கினாயே, அதுதான். ஒரு வருஷமாகப் பேர் உண்டா, மருந்து உண்டா என்று நீ கேட்டதெல்லாம் நீ வருவதற்காக என்று நினைத்துப் பதில் எழுதினேன். வராதவனுக்கு எதற்கு இத்தனை கேள்வி?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் இருபத்தைந்தாம் தேதி. தோட்டம் முழுக்கச் சிவப்பு. கிளை தாழ்ந்து கிடக்கிறது. இரண்டு நாளாக மழை மூட்டம். காலையில் கணக்கப்பிள்ளை "பொன்னுச்சாமி" என்று கூப்பிட்டார். உன் மச்சான் கூடையை எடுத்துக்கொண்டு போனார். நான் தரையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து நம் மற்ற நாலு பொம்பிளைகளும் உட்கார்ந்தார்கள். முந்தின நாளே பேசி வைத்ததுதான்.

"என்னத்தா, காலு சுளுக்கிருச்சா? வெரசா கெளம்பு" என்றார்.

"பேரு கூப்பிட்ட ஆளு போயிருச்சுங்க. எங்க பேர இன்னும் கூப்பிடலைங்களே" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினார். உன் புருஷனுக்கு அரைப்பேர்தான் விழும் என்றார்.

"போடுங்க. மீதி அரைப்பேரு யாருதுன்னு புஸ்தகத்துல எழுதிட்டுப் போடுங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். அப்போது உள்ளூர்ப் பொம்பிளை சண்முகவள்ளி, உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்களுக்கும் பேரு இல்லத்தா. பன்னெண்டு வருசமா இல்ல. அது ஒரு கொறையின்னே தெரியாமக் கெடந்துட்டோம்" என்றாள். அவளுக்குப் பின்னால் பதினான்கு பேர்.

இரண்டு நாள் உட்கார்ந்தோம். மழையிலும் உட்கார்ந்தோம். பழம் உதிர்கிற சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் காலை உன் மச்சான் பேரைக் கூப்பிட்டதும் அவர் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் கொடைக்கானலில் இருந்து முதலாளி ஜீப்பில் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். உன்னை மாதிரி நம்பர் போடவில்லை. அட்டை வேண்டும் என்றேன். ஐந்து குடும்பத்து அட்டையும், கூட வந்த தபாலும். கொடுத்தால் உதிர்ந்தது போக மீதியை நாலு நாளில் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம் என்றேன். சண்முகவள்ளி, எங்க பேர எழுதணும் என்றாள்.

பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்தார்கள். உடைக்காத தபால் ஐந்தும் அட்டைகளுக்கு மேலேயே இருந்தது. எங்கள் கடிதத்தை எல்லாம் பிரித்தவர்கள் இதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எங்களைப் பிடித்து வைக்க அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. மறுநாள் காலை கணக்கப்பிள்ளை புதுப் புஸ்தகத்தில் பொம்பிளைப் பேர்களை வாசித்தார். என் பேரைச் சொல்லும்போது அவர் குரல் தேய்ந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாம் தடவை சத்தமாகக் கூப்பிட்டார். அப்புறம்தான் எழுந்தேன்.

சொன்னபடி பழத்தை இறக்கிக் கொடுத்துவிட்டோம். நாளைக்கு வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு ஜஹனாராவும் அவள் அப்பாவும் வழியனுப்ப வருகிறார்கள். அட்டை என் இடுப்பில் முடிந்திருக்கிறது. உன் மச்சானிடம்கூடக் கொடுக்க மாட்டேன்.

இப்போது உன் விஷயம். சேனாதிபதியை இந்த ஒரு வருஷத்தில் நான் வையாத நாள் இல்லை. பெட்டி திறந்தபோது எனக்கு வேறொரு பெட்டி ஞாபகம் வந்தது. உன் தகரப் பெட்டியில் பத்தொன்பது குடும்பத்துக் காகிதம் கிடக்கிறது. பிப்ரவரியிலேயே அவர்களிடம் உண்மையைச் சொல் என்று எழுதினேன். இன்றுவரை சொன்னதாக நீ எழுதவில்லை. அவர் பழத்துக்காக வைத்திருந்தார், நீ பேருக்காக வைத்திருக்கிறாய். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் முதல் கடிதத்தை எந்தக் கல் மேல் நின்று படித்தாயோ, அதே கல் மேல் நின்று இந்தக் கடிதத்தையும் படி. உன் செப்டம்பர் கடிதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன், அதையும் படி. ஒரு வரி விடாதே. படித்துவிட்டுப் பெட்டியைக் களத்துக்குக் கொண்டுவந்து அவரவர் காகிதத்தை அவரவர் கையில் கொடு. வருவதா இருப்பதா என்று அவர்கள் முடிவு பண்ணட்டும். கொடுத்தாய் என்று தெரிந்தால் கூடலூரில் இருந்து சுகம் விசாரித்து எழுதுவேன். இல்லாவிட்டால் இதுதான் கடைசிக் கடிதம்.

முருகம்மாள்


ஊற்றுமலைத் தோட்டம்,
28-12-1969

அக்காளுக்குக் குமாரவேல் எழுதுவது. இது கூடலூரில் உன் கையில் கிடைக்கும் என்று நம்புகிறேன். தமயந்தியின் இருமல் எப்படி இருக்கிறது?

நேற்றுக் காலை படித்தேன். இரண்டு கடிதத்தையும் படித்தேன். "இலங்கைக்கு" என்ற வரியில் நின்றுவிட்டேன். பின்னால் இருந்து ஒருவர், கேக்கலை, இன்னொருக்கா சொல்லுங்க என்றார். இரண்டாம் தடவையும் சொன்னேன். ஒருவரும் வையவில்லை. வைதிருந்தால் தேவலை. கங்காணி பேர் கூப்பிட ஆரம்பிப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து வைத்தேன். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் அங்கேயே கிழித்தார்கள். மற்றவர்கள் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக எட்டாம் நம்பர் லயத்து இருளாயி வந்தாள். புருஷன் இல்லாதவள், நான் சொன்னதற்காகவே கைநாட்டு வைத்தவள். காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படித்துச் சொல்கிறேன் என்று கை நீட்டினேன்.

"வேணாங்க தலைவரே. யாரையாச்சும் வச்சுப் படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வரிசையில் போய் நின்றாள்.

தம்பி
குமாரவேல்